360 டிகிரி கேமரா: காரில் பொருத்துவது எப்படி?

காரை மேலிருந்து பார்ப்பது போன்ற படம் திரையில் தெரிந்தாலும், மேலே எந்தக் கேமராவும் கிடையாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கக் கண்ணாடிகளின் அடியில் இரண்டு என நான்கு அகலக்கோணக் கேமராக்கள் எடுக்கும் படங்களைக் கட்டுப்பாட்டுப் பெட்டி நீட்டி, மடக்கி, ஒட்டிக் காட்டுகிறது. 2007-இல் நிசான் நிறுவனம் இன்ஃபினிட்டி ஈஎக்ஸ்35 காரில் கொண்டுவந்த உத்தி இது. இன்று தனித் தொகுப்பாகவே கிடைக்கிறது.

வாங்கிய கையோடு டிரில்லைத் தூக்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் தற்காலிகமாக இணைத்து, நான்கு படங்களும் திரையில் வருகின்றனவா என்று பாருங்கள். வயரை உள்ளே இழுத்த பிறகு ஒரு கேமரா பழுது என்று தெரிந்தால், மொத்த வேலையும் மறுபடி முதலிலிருந்துதான்.

அடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். முன் கேமராவை கிரில்லின் நடுவிலும், பின் கேமராவை நம்பர் பிளேட்டுக்கு மேலும் பொருத்துங்கள். கண்ணளவு போதாது, டேப் வைத்து நடுவை அளந்துகொள்ளுங்கள். இந்த இரண்டும் எளிது.

உண்மையான மல்லுக்கட்டு பக்கக் கண்ணாடிகளில்தான். அடிமூடியைக் கழற்றி, துளையிடும் இடத்தில் காகித டேப் ஒட்டிய பிறகே டிரில் செய்யுங்கள், பெயின்ட் உரியாது. லென்ஸ் தரையைப் பார்க்க வேண்டும், படத்தின் ஓரத்தில் காரின் உடல் கொஞ்சம் தெரிய வேண்டும். கண்ணாடி மடங்கும் மூட்டு வழியாக வயரைக் கொண்டுவரும்போது சற்றுத் தளர்வு விடுங்கள். இழுத்துப் பிடித்தால் நாளடைவில் அறுந்துவிடும். கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழலில் விறைப்பான கம்பியை நுழைத்து, அதன் முனையில் வயரைச் சுற்றி ஒட்டி இழுங்கள். சில கார்களில் குழலுக்குப் பின்னால் பல ஊசிகள் கொண்ட இணைப்பி வழியை அடைத்திருக்கும். அதைத் துளைக்கத் துணியாமல் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது. வயர் உள்ளே வந்ததும் கதவைப் பலமுறை திறந்து மூடி, எங்காவது நசுங்குகிறதா என்று கவனியுங்கள்.

முன் கண்ணாடியின் இருபுறமும் உள்ள தூண்களில், பக்கவாட்டில் திரைச்சீலை போல விரியும் ஏர்பேக் இருந்தால் வயர் அதற்குப் பின்னால்தான் போக வேண்டும். குறுக்கே போனால் விபத்து நேரத்தில் ஏர்பேக் விரிவதைத் தடுக்கும்.

மின் இணைப்புக்கு பேட்டரியை மீண்டும் மாட்டி, மல்டிமீட்டரால் வயர்களைக் கண்டுபிடியுங்கள்: சாவி திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வருவது, ரிவர்ஸ் லைட்டுக்குப் போவது, இரு இண்டிகேட்டர்களுக்குப் போவது. அடையாளம் கண்டபின் நெகட்டிவ் முனையை மறுபடி கழற்றிவிட்டு இணையுங்கள். மின்சாரம் எடுக்கும் வயரில் ஃபியூஸ் கட்டாயம். ரிவர்ஸ் கியர் போட்டால் பின்பக்கமும், இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கமும் திரையில் வருவது இந்த இணைப்புகளால்தான்.

இனி அளவுத்திருத்தம், அதாவது நான்கு படங்களும் சரியாக ஒட்டிச் சேரும்படி செய்வது. இதில் அவசரப்பட்டால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். சமதளத்தில் காரை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, கதவுகளை மூடி, பக்கக் கண்ணாடிகளை விரித்து வையுங்கள். தொகுப்பில் வரும் கட்டம் போட்ட விரிப்புகளைக் கையேட்டில் சொன்ன தூரத்தில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். காரின் மூலையில் இருக்கும் விரிப்பு, அந்த மூலைக்கு இருபுறமும் உள்ள கேமராக்கள் இரண்டிலும் தெரிய வேண்டும். கட்டங்களின் மூலைகளைத் திரையில் குறித்ததும் படங்கள் இணைந்துவிடும்.

சரியாக வந்ததா என்று பார்க்க, தரையில் நேரான கோடு உள்ள இடத்தில் காரை மெல்ல நகர்த்துங்கள். ஒரு கேமராவின் படத்திலிருந்து அடுத்ததற்குக் கோடு உடையாமல் போனால் வேலை முடிந்தது. உடைந்தால் அந்த மூலை விரிப்பை மட்டும் சரிசெய்து, மறுபடி குறியுங்கள். தரையில் உள்ளவை மட்டுமே திருத்தமாகத் தெரியும்; நிற்கும் தூணும் ஆளும் நீண்டு சாய்ந்துதான் தெரிவார்கள். அதைப் பழுதென்று எண்ணி மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம்.