கையெழுத்துக்கு முன் இரண்டாவது எக்ஸ்ரே

கார் விபத்தில் கை கால் பிசகி வீட்டில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் “இனி வரவேண்டாம்” என்று சொல்லும்வரை இன்சூரன்ஸ்காரர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை. மேட்டுப்பாளையத்திலிருந்து அண்ணன் காரில் ஏறி வரும்போது, வளைவில் இறங்கி வந்த வேன் ஒதுங்காமல் இடித்தது. எனக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டு நகலில், ‘சுளுக்கு’ என்றுதான் எழுதினார்கள். சில நாளிலேயே வேனின் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன். “சுளுக்குதானேம்மா, 15,000 வாங்கிட்டு முடிச்சுக்கலாம்.”

கட்டைவிரலுக்கு அடியில் குழியாக இருக்கும் இடத்தை டாக்டர் அழுத்தினார், உயிர் போனது. அங்கே இருக்கும் சின்ன எலும்பில் விரிசல் விட்டால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாமாம். பத்து, பதினாலு நாள் கழித்து எடுத்த படத்தில் முடி போல ஒரு கோடு.

அந்தக் கோடு எல்லாவற்றையும் மாற்றிவிடும். எலும்பு விரிசல் சட்டப்படி கொடுங்காயம். மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவு, யார் தப்பு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்கிறது. 166-ஆம் பிரிவில் தப்பை நிரூபித்துக் கேட்கலாம். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. எது லாபம் என்று வக்கீலிடம் கேளுங்கள். காயச் சான்றிதழில் விரிசல் பதிவாகியிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

வெறும் சுளுக்குதான் என்றாலும் பேச இடம் இருக்கிறது. சின்னக் காயத்துக்கு வைத்தியம், போக்குவரத்து, சாப்பாட்டுச் செலவு, வேலை போன நாட்களின் வருமானம், வலி வேதனை ஆகியவற்றுக்குத் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ராஜ்குமார் வழக்கில் தெளிவாகச் சொன்னது. “மொத்தமா எவ்வளவு வேணும்?” என்று கேட்டால் ஒரே தொகையாகச் சொல்லாதீர்கள். தலைப்பு வாரியாக ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் தரும் தொகைக்கும் அதேபோல எழுத்தில் கணக்குக் கேளுங்கள்.

நம்மைப் போன்றவர்கள் கோட்டைவிடும் இடம் வருமானம். சம்பளச் சீட்டு இல்லையென்றால் நம் உழைப்புக்கு விலையே இல்லை என்கிற மாதிரிப் பேசுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கக்கூடாது. நான் ஃபேக்டரியில் இலை போட்ட சீட்டுகளையும், இலைப் பணம் ஏறிய பாஸ்புக்கையும் வைத்தேன். கையில் கட்டுப் போட்டிருந்தபோது இலை பறிக்க வந்தவர்களுக்குக் கொடுத்த கூலியை நாள்வாரியாக நோட்டில் எழுதி, அவர்களிடமே கையெழுத்து வாங்கியிருந்தேன். கம்பெனி ஆபீசர் அதிகநேரம் புரட்டியது அந்த நோட்டைத்தான்.

மலையில் இன்னொன்று. குறுகிய ஏற்றத்தில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குவது ஒதுங்கி நிற்கவேண்டும். எது ஏறியது, எது இறங்கியது என்பது எஃப்.ஐ.ஆரிலும் போலீஸ் வரைபடத்திலும் இருக்கட்டும். “உங்க வண்டி மேலயும் தப்பு” என்று தொகையைக் குறைக்க வரும்போது அதுதான் பதில்.

இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் போடும் மனுவுக்குச் சட்டம் சொல்லும் கெடு, விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். பேச்சு நடக்கிறதே என்று அதைத் தள்ளாதீர்கள். மனு போட்ட பிறகும் பேசலாம். ஒத்துக்கொண்ட தொகையைத் தீர்ப்பாயத்தில் பதிவு செய்தால் முப்பது நாளில் கம்பெனி கட்டியாக வேண்டும். லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அப்பீல் கிடையாது, அங்கே ஒத்துக்கொள்ளும் தொகையை யோசித்து ஒத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. ஊட்டியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், சட்ட உதவி எண் 15100-க்கும் போன் போடலாம்.

கடைசித் தாள் ஆங்கிலத்தில் இருந்தால் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தொகை, அது வரும் நாள், உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு எண் மூன்றும் அதில் இல்லாவிட்டால் பேனாவைத் தொடவேண்டாம்.