மலையகத்தில் இந்தியாவின் இலவச டிஷ் ஒளிபரப்பைப் பெறுவது எப்படி?

மலைகளுக்கு நடுவே அன்டெனா நட்டுப் பழகியவர்கள் டிஷ் பொருத்தும்போதும் முதலில் எதிர்மலையைத்தான் பார்க்கிறார்கள். இராமேஸ்வரத்தின் 323 மீற்றர் தொலைக்காட்சிக் கோபுரம் ஹட்டனிலிருந்து சுமார் 300 கிலோமீற்றர் தொலைவில் இருப்பதால், அத்தகைய தரைவழி ஒளிபரப்பு நமக்கு எட்டாது என்பது உண்மையே. ஆனால், தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் தொடங்கி இன்று டி.டி. ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் நடத்தும் மாதக் கட்டணமற்ற சேவை, கிழக்கு நெடுங்கோடு 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செய்மதியிலிருந்து வருகிறது. நுவரெலியாவிலிருந்து நோக்கினால் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 73 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சிவானில் இருக்கிறது. எனவே மலை தடையல்ல. வீட்டை ஒட்டி வளர்ந்த மரமே தடை.

இந்தியாவில் 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷே பெரும்பாலும் போதும். நம் மழையை எண்ணி 90 சென்ரிமீற்றர் வாங்குவதே நல்லது. அதன் தாங்கியில் உயரக்கோணம் 75 பாகை வரையாவது செல்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 9750, 10600 என்று குறிக்கப்பட்ட யுனிவர்சல் எல்.என்.பி.யும் (டிஷ்ஷின் முன்னே கையில் பொருத்தும், சமிக்ஞையை வாங்கும் சிறு கருவி), எம்பெக்-4 ஒளிபரப்பை ஏற்கும் டிவிபி-எஸ்2 ரிசீவரும், ஆர்.ஜி.6 கேபிளும் தேவை.

கம்பத்தை ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக நடுங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் பிறகு பார்க்கும் எந்தக் கோணமும் சரிவராது. திசை வடக்கிலிருந்து வலஞ்சுழியாகச் சுமார் 118 பாகை, அதாவது கிழக்கும் தென்கிழக்கும் சேரும் பக்கம். தகரக் கூரையருகே திசைகாட்டியின் முள் பிசகும் என்பதால், முற்றத்தில் நின்று திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓஃப்செட் வகை டிஷ் (எல்.என்.பி. நடுவில் நில்லாமல் கீழ்ப்புறமாக நிற்பது) தன் முகம் காட்டும் திசையைவிடச் சுமார் 24 பாகை மேலே நோக்குவதால், அதன் முகம் செங்குத்திலிருந்து 50 பாகையளவே பின்சாய்ந்திருக்கும்; வானத்தைப் பார்க்கவில்லையே என்று அதை மேலும் சாய்க்க வேண்டாம்.

அவசரமில்லாதவர்களுக்குச் சூரியனே சாட்சி. மார்ச் 17 அளவில் முற்பகல் 11.15க்கும், செப்டெம்பர் 26 அளவில் 11 மணிக்கும் சூரியன் ஏறக்குறைய அந்தச் செய்மதியின் இடத்திலேயே நிற்கும். அப்போது டிஷ் வைக்கும் இடத்தில் வெயில் விழுந்தால் வழி திறந்திருக்கிறது. நிழல் விழுந்தால் அந்த மரக்கிளையை வெட்ட வேண்டும், அல்லது இடத்தை மாற்ற வேண்டும். (அந்நாட்களில் சில நிமிடங்கள் படம் மறைவதும் இதனால்தான்.)

பலர் தோற்பது எல்.என்.பி.யைத் திருப்புவதில்தான். டெல்லியில் அதை ஏறத்தாழ 27 பாகை திருப்பினால் போதும்; நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே கணக்கு 61 பாகைக்கு வருகிறது. வட இந்திய வீடியோவைப் பார்த்து அப்படியே பொருத்தியவருக்குச் சமிக்ஞை பலவீனமாகவே கிடைக்கும். ரிசீவரில் முதலில் 93.5 கிழக்கைத் தெரிவுசெய்துகொள்ளுங்கள். டிஷ்ஷின் பின்புறம் நின்று வானை நோக்கியபடி, எல்.என்.பி.யை இடஞ்சுழியாக 60 பாகையளவு திருப்பி, அங்கிருந்து சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். ரிசீவரின் திரையில் பலத்தைக் காட்டும் கோட்டை நம்பாதீர்கள், டிஷ் எங்கே நோக்கினாலும் அது ஓரளவு நிரம்பியிருக்கும். தரத்தைக் காட்டும் கோடு உயரும் இடமே சரியான இடம். ஆணிகளை இறுக்கும்போது டிஷ் சற்றே நகரும் என்பதால், இறுக்கிய பின்னும் ஒருமுறை பாருங்கள்.

பின்னர் ரிசீவரில் தானியங்கித் தேடலை இயக்குங்கள். கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை இந்தி அலைவரிசைகள் என்பதை முன்பே அறிந்திருப்பது நல்லது. பொதிகை என்று நாம் அறிந்திருந்த தூர்தர்ஷன் அலைவரிசை, 2024 ஜனவரி முதல் டி.டி. தமிழ் என்ற பெயரில் வருகிறது.

இந்தச் சேவை வந்துசேரும் கேயூ பட்டை நுண்ணலைகளைக் கனமழை விழுங்கிவிடும். ஆகவே தென்மேற்குப் பருவத்தில் படம் உறைந்தால் டிஷ்ஷைத் தொடாமல் மழை ஓயும் வரை பொறுத்திருங்கள். வெறும் மூடுபனியில் உறைந்தால், இணைப்பியில் நீர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகலில் இடி கேட்கத் தொடங்குவதற்கு முன்பே கேபிளையும் மின்செருகியையும் கழற்றிவிடுங்கள்.