மானியம் யாருக்கு? தேர்வுக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திங்கட்கிழமை வேலூர் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால், மானியம் கேட்டு மனுவோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். கறவை மாடு, தையல் மெஷின், சிறுதொழில் கடன் என்று ஆளுக்கொரு தேவை. கிடைத்தவரின் கோப்பு பீரோவில் பத்திரமாக இருக்கும். கிடைக்காதவரின் கோப்பு கட்டாகக் கட்டி மூலையில் கிடக்கும். பெரிய தவறே அங்கேதான் தொடங்குகிறது.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியத் தொகை 3 ஆண்டுகளுக்கு வங்கியில் வைப்பாகவே நிற்கும். பிறகு நேரில் வந்து பார்த்து, தொழில் நடந்தால் கடனில் கழிப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் காட்பாடியில் ஒரு பேக்கரி 3 ஆண்டு கழித்தும் ஓடுகிறதென்றால், அது மானியத்தால் ஓடுகிறதா, மானியம் இல்லாவிட்டாலும் ஓடியிருக்குமா? அதே சமயம் மனுப் போட்டு, ஓரிரு மதிப்பெண்ணில் தவறிப்போன இன்னொரு பேக்கரிக்காரர் இன்று என்ன செய்கிறார் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. தேர்வுக் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவர்களையும் சற்றுக் கீழே இருந்தவர்களையும் இரண்டு ஆண்டு கழித்துத் தேடிப்போய் ஒப்பிட வேண்டும். ஒரு ஒன்றியத்துக்கு மட்டும் பார்த்தால் ஆள் போதாது, மாவட்டம் முழுக்கச் சேர்த்துப் பார்க்கலாம். இதற்கு மனுவிலேயே, தேர்வாகாவிட்டாலும் பிறகு தொடர்புகொள்ள சம்மதமா என்று ஒரு வரி சேர்த்தால் போதும். காசோலை கொடுக்கும் விழாவுக்கு மேடை போடுகிற செலவுகூட ஆகாது.

அடுத்த தவறு, பிராஜெக்ட் ரிப்போர்ட்டை நம்பி மார்க் போடுவது. அதை எழுதுவது பெரும்பாலும் மனுதாரர் அல்ல, கம்ப்யூட்டர் சென்டர்காரர். லாபம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும். ஊர் பெயரை மாற்ற மறந்திருந்தால், குடியாத்தத்துப் பெண்ணின் ரிப்போர்ட்டில் ஆம்பூர் சந்தை இருக்கும்! நைஜீரியாவில் 2011-இல் தொடங்கிய யூவின் என்ற தொழில் திட்டப் போட்டியை ஆராய்ந்தவர்கள், மானியம் பெற்றவர்களுக்கு நடுவர்கள் போட்ட மார்க்குக்கும் 3 ஆண்டு கழித்து அவர்களின் விற்பனை, லாபம், ஆட்கள் எண்ணிக்கைக்கும் தொடர்பே இல்லை என்று கண்டார்கள். ஆனால் அதே போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்தவர்களில் பலரைக் குலுக்கலில் எடுத்திருந்ததால், மானியம் உண்மையிலேயே தொழிலை வளர்த்தது என்று நிரூபிக்க முடிந்தது. தகுதி சமமாக இருக்கும்போது குலுக்கல் போடுவதை நம் ஊரில் யாரும் குறையாக நினைப்பதில்லை. தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களுக்கு மனு அதிகமானால் அப்படித்தானே கொடுக்கிறார்கள்? சிபாரிசுக் கடிதத்துக்கும் அங்கே வேலையில்லை.

செலவழித்ததையே பலன் என்று எழுதுவது இன்னொன்று. சொட்டு நீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம். அறிக்கையில் வருவது எத்தனை எக்டேர் என்பது மட்டும். அணைக்கட்டுப் பக்கம் வரப்போரம் சுருட்டிக் கிடக்கும் கறுப்புக் குழாயைக் கையில் எடுத்துப் பாருங்கள்: துளைகளில் போர்வெல் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும், அங்கங்கே அணில் கடித்த ஓட்டை. அதுவும் கணக்கில் ஓர் எக்டேர்தான். ஒழுங்காக ஓடும் இடத்திலும், மிச்சமான தண்ணீரில் இன்னொரு ஏக்கர் பயிர் வைத்தால் நிலத்தடி நீர் மிச்சமாகாது. ஆகவே குழாய் போட்ட பிறகு மூன்றாவது சாகுபடிப் பட்டத்தில் போய், குழாய் ஓடுகிறதா என்பதோடு மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்றும் கேட்க வேண்டும்.

கடைசியாக, மனுவே போடாதவர்கள். கூட்டுப் பட்டாவில் பங்காளி கையெழுத்துப் போட மறுப்பதால் சிறு விவசாயி சான்று வாங்க முடியாதவர், அப்பா பெயரிலேயே சிட்டா இருக்கும் பெண், இவர்கள் நிராகரித்த பட்டியலிலும் வரமாட்டார்கள். நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைக்குப் போய், எந்தத் தாளில் நின்றுபோனது என்று கேட்டால்தான் தெரியும்.