விடுப்புச் செய்தி தமிழில் போகட்டும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் விடுதிப் பள்ளி நடத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. விடுப்பு மென்பொருள் (பிள்ளைகள் விடுப்பில் வீட்டுக்குப் போவதைப் பதிந்து வீட்டாருக்குச் செய்தி அனுப்புவது) வாங்கியதும் முதலில் அது அனுப்பும் எஸ்எம்எஸ் எந்த மொழியில் போகிறது என்று பாருங்கள். பேரன் கிளம்பியதை மலையாளத்தில் சொன்னால் பொள்ளாச்சிப் பாட்டி எப்படிப் படிப்பார்? தமிழ் வாசகத்தைத் தனியாக டிஎல்டி தளத்தில் (நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ் வாசகங்களைத் தொலைபேசி நிறுவனங்களிடம் பதியும் இடம்) பதிவுசெய்தால்தான் செய்தி போகும். அதை விடுமுறைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. மீறினால் இரண்டு செய்திக்குக் காசு! பெயர், கிளம்பிய நேரம், திரும்பும் நாள் போதும். 'அன்புள்ள பெற்றோரே' எல்லாம் வேண்டாம்.

அப்புறம், அழைத்துப்போக வருபவரின் படத்தையும் ஏற்றிவையுங்கள். பொங்கலுக்கு முந்தின நாள் வாசலில் எத்தனை மாமாக்கள்!