செப்டம்பர் கணக்கை இரண்டால் பெருக்காதீர்கள்

மாநகராட்சியின் அரையாண்டுக் கணக்கு கைக்குக் கிடைத்ததும் பலர் செய்கிற முதல் வேலை, ஆண்டு முழுதும் எவ்வளவு வரும் என்று பார்க்க, ஏப்ரல் முதல் செப்டம்பர் 30 வரை வந்ததை இரண்டால் பெருக்குவது. புதுக் கவுன்சிலரும் செய்கிறார், குடியிருப்போர் சங்கச் செயலாளரும் செய்கிறார். கணக்குப் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அது வீண் வேலை. சொத்து வரி, சம்பளம் என்று கணக்குத் தலைப்பு ஒவ்வொன்றுக்கும் தனிப் பருவம் உண்டு. அதைப் பிடித்துவிட்டால் மார்ச்சில் நகரம் எங்கே போய் நிற்கும் என்பதை அக்டோபரிலேயே ஓரளவு சொல்லிவிடலாம்.

என்னென்ன காகிதம் வேண்டும்? பட்ஜெட் புத்தகம், செப்டம்பர் முடிய உள்ள கேட்பு வசூல் நிலுவைப் பட்டியல் (கேட்பு என்றால் கட்டச் சொல்லி விதித்த தொகை), பணம் கொடுக்காமல் நிற்கிற பில்களின் பட்டியல். இவற்றோடு முந்தைய மூன்று ஆண்டுகளில் செப்டம்பர் வரை வந்த வசூலும் மார்ச் வரை வந்த வசூலும் இருந்தால் போதும்.

சொத்து வரியில் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். அதற்காகவே ஏப்ரலில் ஒரு கூட்டம் கட்டிவிடும். சிலர் இரண்டு தவணையையும் சேர்த்தே கட்டிவிடுவார்கள். அப்புறம் மாதக்கணக்கில் மந்தம். ஜனவரி பிறந்ததும் பில் கலெக்டர்கள் கதவைத் தட்ட ஆரம்பிக்க, பழைய நிலுவை மார்ச் கடைசி வரை வந்துகொண்டே இருக்கும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எண்கள் நானே வைத்துக்கொண்டவை. செப்டம்பர் வரை சொத்து வரி வசூல் 84 கோடி. கடந்த மூன்று ஆண்டுகளிலும் முழு ஆண்டு வசூலில் ஏறத்தாழ 42% முதல் பாதியில் வந்திருக்கிறது. 84-ஐ 0.42-ஆல் வகுத்தால் 200 கோடி. இரண்டால் பெருக்கியிருந்தால் 168 என்று வந்து வீணாகப் பயந்திருப்பீர்கள். பட்ஜெட்டில் 240 போட்டிருந்தால் 40 கோடி துண்டு விழும். பட்ஜெட் தொகை எப்படி வந்தது என்றும் பாருங்கள். கேட்பு முழுவதும் வசூலாகிவிடும் என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். வழக்கில் கிடக்கும் தொகை கேட்பில் இருக்கும், கஜானாவில் இருக்காது.

தொழில் வரி அவ்வளவு ஆட்டம் காட்டாது. அரையாண்டுக்கு ஒருமுறை சம்பளத்தில் பிடித்துக் கட்டுவதுதான். ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது. அந்த உச்சவரம்பு 1988-இல் வைத்தது, இன்னும் அப்படியே நிற்கிறது. பத்திரப் பதிவின் மேல்வரியை அரசு வசூலித்துத் தருகிறது. அது எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை, வந்ததை மட்டும் எழுதுங்கள். மத்திய நிதிக்குழு மானியத்தில் குடிநீர், துப்புரவு என்று பெயர் எழுதி வரும் பணத்தைத் தனியாக வையுங்கள். அதை எடுத்துச் சம்பளம் போட முடியாது.

செலவுப் பக்கம்தான் ஏமாற்றும். செப்டம்பரில் செலவு குறைவாகத் தெரிந்தால் சிக்கனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜூலையிலிருந்து கணக்காகும் அகவிலைப்படி உயர்வை அறிவிக்கவே மாதங்கள் ஆகலாம், அறிவித்தால் நிலுவையோடு கொடுக்க வேண்டும். ஜனவரியில் பொங்கல் போனஸ். ஒப்பந்ததாரர் பில்களோ மார்ச்சில்தான் குவியும். சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், கடன் தவணை, குப்பை ஒப்பந்தம் ஆகியவை தவிர்க்க முடியாதவை, கணித்த வரவிலிருந்து முதலில் கழித்துவிடுங்கள். பணி ஆணை கொடுத்த வேலைகள் அடுத்து. டெண்டரே விடாத வேலைகள் கடைசி. பணம் பத்தாவிட்டால் வெட்டு விழுவது அங்கேதான்.

இப்போது நான் இருப்பது கோயம்புத்தூர் என்பதால் தண்ணீர்க் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் குடிநீர் வடிகால் நிதி தனி, வருவாய் மூலதன நிதி தனி, கல்வி நிதி தனி. மூன்றையும் கூட்டி 'உபரி' என்று சொன்னால் எந்த நிதியில் உபரி என்று கேளுங்கள். கோவைக்குச் சிறுவாணித் தண்ணீர் பெரும்பாலும் சரிவிலேயே இறங்கி வந்துவிடும். பில்லூர் அணைத் தண்ணீரை மேலே ஏற்ற மின்சாரம் வேண்டும். சிறுவாணியை நிரப்புவது ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை. ஆகவே அக்டோபர் முதல் வாரத்து அணை நீர்மட்டமும் என் கணக்குத் தாளில் ஒரு வரியாக இருக்கும். மட்டம் குறைவாக இருந்தால் பிப்ரவரி, மார்ச்சில் மின்கட்டணத்துக்கும் லாரித் தண்ணீருக்கும் கூடுதலாக எழுதி வைப்பேன். தண்ணீர் நிதியில் துண்டு விழுந்தால் வருவாய் நிதியிலிருந்து கடன் வாங்குவார்கள், அப்புறம் உங்கள் தெருச் சாலை தள்ளிப் போகும். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் ஸ்மார்ட் சிட்டி பணத்தில் செய்த வேலைகளுக்கும் இனி விளக்கு, காவல், பராமரிப்பு என்று செலவு உண்டு. அதற்கு எந்தத் தலைப்பில் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

கடைசியாக அந்த நிலுவை பில் பட்டியல். வேலை முடிந்து, அதை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் ஏறி, பில் பாஸாகி, பணம் மட்டும் போகாமல் நிற்பவை. மார்ச் முடிய உள்ள வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் நீங்கள் கணித்த பிறகு இந்தத் தொகையைக் கையிருப்பிலிருந்து கழியுங்கள். உபரி என்று காட்டிய பல கணக்குகள் இந்த ஒரு கழித்தலில் கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பட்டியல் கேட்டவுடன் கிடைக்காது. கவுன்சிலர் என்றால் மன்றக் கூட்டத்தில் கேளுங்கள். மற்றவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடலாம், பதிலுக்கு 30 நாள். அக்டோபர் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். புது பட்ஜெட்டோடு நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடும் மன்றத்துக்கு வரும். அதன் வேலை மார்கழி, தையிலேயே பாதி முடிந்திருக்கும், அதற்கு முன் பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும். மனுவில் 'நிதி நிலைமை என்ன?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். '30.09 அன்று பாஸாகிப் பணம் வழங்கப்படாத பில்களின் எண்ணிக்கை, தொகை, நிதி வாரியாக' என்று எழுதுங்கள்.