கஷ்டத்தில விசுவாசம்: வன்னியில நாங்கள் திரும்பத் திரும்ப விடுற பிழையள்

செத்தவீட்டுக்குப் போனா, பந்தலுக்குள்ள கதிரை போட்டு இருக்க முதலே ஆரோ ஒராள் தொடங்கிடும், "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" எண்டு. வசனம் சரி. ஆனா அதைச் சொன்னது ஆர்? வேதத்தில வாற யோபு. தன்ர பிள்ளையளைப் பறிகொடுத்தவர் தானே தன்ர வாயால சொன்னது, துக்கம் விசாரிக்க வந்த ஆக்கள் சொன்னதில்லை. அதுவும் ரெண்டு அதிகாரம் தள்ளி அதே யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறார், அந்தப் பக்கத்தை மட்டும் செத்தவீட்டில ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. அவரைப் பாக்க வந்த சிநேகிதர் மூண்டு பேரும் முதல் 7 நாளும் ஒண்டும் பேசாம அவரோட நிலத்தில இருந்தவை, அது மட்டும்தான் அவை செய்த நல்ல வேலை. வாயைத் திறந்து காரணம் சொல்ல வெளிக்கிட்டாப்பிறகுதான் பிழைச்சது, கடைசியில கடவுளே அவையைப் பாத்து நீங்கள் கதைச்சது சரியில்லை எண்டு சொல்லுற நிலைமை. ஆக, துக்க வீட்டுக்குப் போறீங்கள் எண்டா போங்கோ, இருங்கோ, தேத்தண்ணி ஊத்திக் குடுங்கோ, விளக்கம் சொல்லாதேங்கோ.

இதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொரு பிழை, "என்ன பாவமோ, என்ன சாபமோ" எண்டு தேடுறது. 2004 மார்கழி 26 முல்லைத்தீவுக் கரையில கடல் வந்தது, பிறகு 2009 கடைசிச் சண்டை, ரெண்டிலயும் போனதில எத்தினை கைக்குழந்தையள், அதுகள் என்ன பாவம் செய்ததுகள்? பிறவிக் குருடனைக் காட்டி இவன் செய்த பாவமா தாய் தேப்பன் செய்த பாவமா எண்டு சீஷர் கேக்க, இயேசு ரெண்டும் இல்லை எண்டுதான் சொன்னவர். யோவான் 9இல இருக்கு. இதுக்கு மேல நான் சொல்ல ஒண்டுமில்லை, ஆனா இப்பவும் சில கூட்டங்களில சாபத்தை முறிக்கிறம் எண்டு மைக்கில கத்தேக்க, முன் வரிசையில இருக்கிற விதவைப் பிள்ளையின்ர முகத்தை ஒருக்கா பாருங்கோ.

எனக்குப் பெரிய பிழையாத் தெரியிறது என்னெண்டா, காணாமல் ஆக்கப்பட்டவையின்ர அம்மாமாருக்கு "இனி ஏற்றுக்கொள்ளுங்கோ, ஆண்டவரிட்ட விட்டிட்டு வாழுங்கோ" எண்டு சொல்லுறது. எங்கட சபையில ஒரு அம்மா இருக்கிறா, எங்க போனாலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கையில, அதுக்குள்ள மகன்ர படம், ஐடென்டிக் காட்டின்ர கொப்பி, செஞ்சிலுவைச் சங்கத்துக் கடிதம், மழைக்கு நனையாம மேல ஒரு ஷொப்பிங் பையும் சுத்தியிருப்பா. சாட்சி சொல்லுற நேரம் வந்தா எழும்ப மாட்டா. சிலருக்கு அது விசுவாசக் குறைவாத் தெரியுது. உடம்பும் இல்லை, கல்லறையும் இல்லை, உயிரோட இருக்கிறாரோ இல்லையோ எண்டும் தெரியேல்லை, இந்தத் துக்கத்துக்கு 31ஆம் நாள் எண்டு ஒண்டு வராது. மரிச்ச ஆக்களுக்குப் பூசை குடுக்கேக்க மகன்ர பேரைக் குடுக்கிறதா விடுறதா எண்டே சில தாய்மாருக்குத் தெரியாது. குடுத்தா அவனைத் தானே சாகடிச்ச மாதிரி.

வேதத்திலயே இதுக்கு ஒரு தாய் இருக்கிறா, பிரசங்கத்தில அவவின்ர பேர் வாறது குறைவு. ரிஸ்பாள். ரெண்டாம் சாமுவேல் 21. அவவின்ர ரெண்டு மகன்மாரையும் சவுலின்ர பேரப்பிள்ளையள் 5 பேரையும் அரசியல் கணக்குத் தீர்க்கக் கொலை செய்துபோட்டு மலையில விட்டிட்டினம், அடக்கம் இல்லை. அவ இரட்டுத் துணியைப் பாறையில விரிச்சுப் போட்டு, அறுப்புத் தொடங்கின நாள் துவக்கம் மழை பெய்யுமட்டும் பகல்ல பறவையளும் இரவில மிருகங்களும் கிட்ட வராமக் காவல் இருந்தவ. வீட்ட போ, ஜெபி, மறந்திடு எண்டு அங்க ஒருத்தரும் சொன்னதா எழுதேல்லை. சேதி ராசா தாவீதின்ர காதுக்குப் போய், கடைசியில அவரே ஆளனுப்பி எலும்புகளை எடுப்பிச்சு அடக்கம் செய்ய வேண்டி வந்தது. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில 2017 மாசி 20 தொடக்கம் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர படங்களோட போராட்டம் இருந்த அம்மாமாரை நினைச்சுக்கொண்டு இந்த அதிகாரத்தை வாசிச்சுப் பாருங்கோ.

"மன்னிச்சு விடுங்கோ" எண்டு அவசரப்படுத்துறதும் இதோட ஒட்டினதுதான். மன்னிப்பு வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா மன்னிக்கிறது வேற, கேள்வி கேக்காம விடுறது வேற. மன்னார் ஆயரா இருந்த ராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 தையில நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால போய், கச்சேரி எண்ட அரசாங்கக் கந்தோரின்ர சனத்தொகைக் கணக்கையே எடுத்து வைச்சு, சண்டைக்குப் பிறகு கணக்கில வராத 146,679 பேருக்கு என்ன நடந்தது எண்டு கேட்டவர். அந்த ஆளிட்ட விசுவாசம் குறைவு எண்டு ஆர் சொல்லுவினம்?

அடுத்தது பயம். வெடிச் சத்தத்துக்கு இப்பவும் நடுங்கிற ஆக்கள் இருக்கினம், ஹெலி போனா வேலையை விட்டிட்டு மேல பாக்கிற ஆக்கள் இருக்கினம், அவையிட்டப் போய் "விசுவாசிக்குப் பயம் இருக்கக்கூடாது" எண்டு சொல்லுறது சும்மா வாய். மடுக் கோயில் மாதாவின்ர சுரூபத்தையே 2008 சித்திரையில செல்லடிக்குப் பயந்து தேவன்பிட்டிக்குக் கொண்டு போனவை, ஆவணியிலதான் திருப்பிக் கொண்டு வந்தது. மாதாவும் எங்களோட இடம்பெயர்ந்தவதான் எண்டு அந்த நேரம் சனம் அதில ஒரு ஆறுதலும் எடுத்தது.

மருந்தை நிப்பாட்டுறது கோவம் வாற பிழை. பிரசர்க் குளிசை, சீனிக் குளிசை, மனநல கிளினிக்கில குடுக்கிறது, எல்லாத்தையும் "நான் சுகமாயிட்டன் எண்டு அறிக்கையிட்டிட்டன்" எண்டு குப்பையில போடுறது. உடம்புக்குள்ள இன்னும் வெடிச்ச செல்லின்ர இரும்புத் துண்டுகளோட திரியிற சனம் இருக்கிற இடம் இது, நோ எண்டா உண்மையான நோ. பவுல் மூண்டு தரம் கேட்டும் அவற்ர உடம்பில இருந்த முள்ளு எடுபடேல்லை, "என் கிருபை உனக்குப்போதும்" எண்ட பதில்தான் வந்தது, அதுக்காக அவரை விசுவாசம் இல்லாதவர் எண்டு தள்ளி வைக்கேல்லையே. எலியா சூரைச்செடிக்குக் கீழ படுத்து, போதும் ஆண்டவரே என்னை எடுத்துக்கொள்ளும் எண்டு கேக்க, தேவதூதன் முதல் குடுத்தது பிரசங்கம் இல்லை, சுட்ட அடையும் தண்ணியும். சாப்பிட்டுத் திரும்பப் படுத்தவர், திரும்ப எழுப்பிச் சாப்பாடு குடுத்தது. நித்திரை இல்லை, சாகலாம் போல கிடக்கு எண்டு ஒராள் சொன்னா ஜெபியுங்கோ, ஆனா தனிய விடாதேங்கோ, கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. 1926க்கு அடிச்சா மனநல உதவி இலக்கம், எந்த நேரமும் கதைக்கலாம்.

காசு விசயம் சுருக்கமா. குழு லோன் எடுத்து கிழமைக்குக் கிழமை கட்ட ஏலாம, லோன் காரன் வாற நாளில வீட்டைப் பூட்டிப்போட்டுப் பின்வளவில நிக்கிற பொம்பிளையளிட்ட, விதைப்புக் காணிக்கை போடுங்கோ கடன் தீரும் எண்டு கேக்கிற ஊழியக்காரர் எனக்குப் பிடிக்கிறதே இல்லை. உடுப்பும் சாப்பாடும் இல்லாதவனைப் பாத்து சமாதானத்தோட போ எண்டு மட்டும் சொன்னா என்ன பிரயோசனம் எண்டு யாக்கோபு கேட்டிருக்கிறார். சபைக்குள்ளயே ஒரு சீட்டுக் கணக்கு ஒழுங்காப் பாக்கிற அக்கா ஒராள் இருந்தா, அவவைக் கொண்டு அந்தக் கடன் புத்தகத்தை ஒருக்கா பாக்கச் சொல்லுங்கோ, வட்டி எவ்வளவு முதல் எவ்வளவு எண்டாவது விளங்கும்.

ஜெபம் எண்டா அழகான சொல்லிலதான் செய்யோணும் எண்ட நினைப்பும் சனத்தைத் தேவாலயத்துக்குத் தூரமாக்குது. 88ஆம் சங்கீதம் நல்ல முடிவே இல்லாம, எனக்குத் தெரிஞ்சவை எல்லாம் மறைஞ்சு போச்சினம் எண்டு புலம்பினபடியே முடியுது, அதையும் எடுக்காம வேதத்துக்குள்ளதான் வைச்சிருக்கினம். வார்த்தை வரேல்லையெண்டா அதை வாசியுங்கோ, இல்லாட்டி பேசாம இருங்கோ.

பிறகு எங்கட இளம் பெடியள். 2009க்குப் பிறகு பிறந்ததுகளுக்கும் கஷ்டம் இருக்கு, ஏஎல் சோதினை விட்டுப் போச்சு, வேலை இல்லை, தேப்பன் குடி. அதுகள் வாய் திறந்தா நாங்கள் உடன "நாங்கள் பங்கருக்குள்ள இருந்து படிச்சனாங்கள், உனக்கு என்ன குறை" எண்டிடுவம். அதோட பெடியன் வாயை மூடிடுவான், சேர்ச்சுக்கும் வரமாட்டான். அவன் கதைக்கத் தொடங்கினா எங்கட கதையை இடையில விடாம, முதல் அவன் சொல்லி முடிக்கட்டும்.