மார்கழி விடியலில் வெளிவேலை: குளிருக்கு உடுப்பு தேர்வது எப்படி?

ஓசூரை அடுத்த கெலமங்கலம் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்த முதல் மார்கழியில், கடையில் இருந்தவற்றிலேயே தடிமனான ஜெர்கினாகப் பார்த்து வாங்கினேன். பஞ்சு அடைத்தது. போட்டுக்கொண்டால் தலையணைக்குக் கை முளைத்ததுபோல இருக்கும். காலை ஐந்து மணிக்குத் தோட்டத்தில் இறங்கியபோது எனக்கு ராஜா நினைப்பு. ஆறு மணிக்கு உள்ளே வியர்த்துவிட்டது. ஆறரைக்குள் செடிகளின் பனியெல்லாம் கைகளில் ஏறி, ஜெர்கின் நனைந்த கோணியாகக் கனத்தது. பொறுக்க முடியாமல் கழற்றினேன். அதன்பின் கால் மணி நேரம் நான் பல் தந்தியடிக்க நின்ற கோலத்தை, பூப்பறிக்கும் அக்காமார் இன்றைக்கும் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள்.

அவர்களில் மூத்தவர் அன்று உடுத்தியிருந்ததை நினைத்துப் பார்க்கிறேன். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, அதன்மேல் சாயம் போன ஸ்வெட்டர், அதற்கும் மேல் இன்னொரு சட்டை, காதை மூடி ஒரு துண்டு. என் ஜெர்கின் விலையில் கால்வாசிகூட ஆகியிருக்காது. அவர் நடுங்கவும் இல்லை, வியர்க்கவும் இல்லை. இந்த விளக்கம் அவரிடம் நான் படித்த பாடம்தான். தெற்கத்திச் சீமையிலிருந்து ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இந்த ஊர்க் குளிரைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். கிருஷ்ணகிரி நகரம் சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூர் 900 மீட்டரை ஒட்டியது. தளி இன்னும் மேலே. அதனால்தான் கிருஷ்ணகிரியில் துண்டோடு சமாளிக்கிறவர், சூளகிரி தாண்டியதும் ஸ்வெட்டர் தேடுகிறார். தருமபுரிப் பக்கம் வத்தல்மலையில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

ஆனால் இது நாள் முழுவதும் நீடிக்கும் குளிர் அல்ல. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. சூரியன் எழுவதை ஒட்டிய நேரத்தில்தான் குளிர் உச்சத்தைத் தொடும். பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். இமயமலைக்குச் செய்த ஜெர்கின் இங்கே தோற்பது இதனால்தான். நமக்கு வேண்டியது ஒவ்வொன்றாகக் கழற்றக்கூடிய உடுப்பு. பனியில் நனைந்தாலும் கைவிடாத உடுப்பு.

இன்னொன்றும் உண்டு. துணியா சூட்டை உண்டாக்குகிறது? இல்லை. சூடு உங்கள் உடம்பினுடையது. துணி தன் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து அந்தச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் எல்லாம் போயிற்று. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வியர்வையானாலும் பனியானாலும் விளைவு ஒன்றுதான்.

படி 1: உங்கள் வேலை எந்த வகை?

கடைக்குப் போகும் முன் இதை முடிவு செய்யுங்கள். பூப்பறிப்பது, தக்காளிக் கூடை சுமப்பது, களை எடுப்பது எல்லாம் உடம்பு ஆடும் வேலை. இதற்குக் குறைவாக உடுத்த வேண்டும். தொழிற்சாலை வாசலில் இரவுக் காவல், பால் சேகரிப்பு மையத்தில் கணக்கு எழுதுவது போன்றவை நின்ற இடத்து வேலை. இதற்குக் கூடுதலாக ஓர் அடுக்கு. மூன்றாவது, பைக்கில் பால் கேனோ காய்கறி மூட்டையோ கொண்டு போகிறவர்கள். இவர்களுக்கு எதிரி காற்று. 10 டிகிரிக் குளிரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முகத்துக்கு அது 6 டிகிரிபோல உறைக்கும்.

ஆடும் வேலைக்காரர்களுக்கு ஒரே அளவுகோல் போதும்: வேலை தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். வீட்டு வாசலிலேயே கதகதப்பாக இருந்தால், தோட்டத்தில் அரை மணி நேரத்தில் வியர்த்துவிடும்.

படி 2: தோலை ஒட்டிய அடுக்கு

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள், கனமான பருத்திப் பனியனைப் போட்டு. பருத்தி வெயிலுக்கு உற்ற தோழன், குளிருக்குத் துரோகி. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு எளிதில் காயாது. கடைகளில் தெர்மல் என்ற பெயரில் விற்கும் உள்ளாடைகளில் பாலியெஸ்டர் கலந்ததாக, உடம்போடு ஒட்டி ஆனால் இறுக்காமல் இருப்பதாக வாங்குங்கள். அது ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. விளையாட்டு வீரர்கள் போடும் வழுவழுப்பான முழுக்கை டீ சர்ட் இருந்தாலும் சரி, அதுவே போதும். பருத்திதான் இருக்கிறது என்றால் மெல்லியதாகப் போட்டுக்கொண்டு, மாற்றிக்கொள்ள இன்னொன்றைப் பையில் வையுங்கள்.

சேலை கட்டி வேலை செய்யும் பெண்களுக்குப் பாவாடைக்குள் ஒரு லெகின்ஸ் போடுவது பெரிய வித்தியாசத்தைத் தரும். சேலைக் கரைதான் முதலில் பனியில் நனைந்து கணுக்காலில் ஒட்டும். தூக்கிச் செருகிக்கொள்வது எல்லோருக்கும் தெரியும். அப்படிச் செருகியபின் காலைக் காப்பது எது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

படி 3: காற்றைச் சிறைப்பிடிக்கும் அடுக்கு

ஸ்வெட்டர், பிளீஸ் (fleece) எனும் மெத்தென்ற செயற்கைத் துணி, கம்பளி இந்த இடத்துக்கு உரியவை. சந்தையில் விற்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை ஆட்டு ரோமம் அல்ல, அக்ரிலிக். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அக்ரிலிக் தண்ணீரை அதிகம் குடிக்காது, சீக்கிரம் காயும், விலையும் குறைவு. உண்மையான ஆட்டு ரோமத்துக்கு வேறொரு குணம் உண்டு: தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஆட்டு மந்தையோடு இரவெல்லாம் வெளியில் கிடக்கிற கீதாரி, சொரசொரப்பான கருப்புக் கம்பளியை ஏன் விடமாட்டேன் என்கிறார் என்பது இப்போது புரியும். என் அப்பாவும் அப்படித்தான். எனக்கோ அது கழுத்தில் உறுத்தும்.

கனமான ஒன்றைவிட மெல்லிய இரண்டு மேல். இரண்டுக்கும் இடையே இன்னோர் அடுக்குக் காற்று இலவசமாகக் கிடைக்கிறது. ஏழு மணிக்கு ஒன்றை மட்டும் கழற்றலாம். தலைவழியாக மாட்டுவதைவிட முன்பக்கம் ஜிப்போ பொத்தானோ இருப்பதையே வாங்குங்கள். கையில் சேறும் தலையில் கூடையுமாக இருக்கும்போது இதன் அருமை தெரியும்.

படி 4: வெளி அடுக்கு

இதன் வேலை காற்றையும் பனியையும் தடுப்பது மட்டும்தான். பஞ்சு வேண்டாம். நெருக்கமாக நெய்த மெல்லிய நைலான் ஜாக்கெட் ஒன்று போதும். வாங்கும்போது ஒரு சோதனை: துணியை வாயோடு ஒட்டி வைத்து ஊதுங்கள், மறுபக்கம் உள்ளங்கையை வையுங்கள். கையில் மூச்சுப் படுகிறதா? அப்படியானால் அதிகாலைக் காற்றும் அவ்வழியே உள்ளே வரும்.

அளவு உங்களுக்குரியதைவிட ஒன்று பெரிதாக இருக்கட்டும். உள்ளே ஸ்வெட்டர் நசுங்கினால் அதிலுள்ள காற்றும் போய்விடும். கடையிலேயே இரண்டு கையையும் தூக்குங்கள், குந்தி உட்காருங்கள். முதுகுத் தண்டில் சில்லென்று காற்றுப் பட்டால் அந்த ஜாக்கெட் குட்டை. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

செலவு செய்ய மனமில்லையா? பைக்கில் போகிறவர்கள் ரெயின்கோட்டின் மேல்சட்டையையே காற்றுத் தடுப்பாகப் போடலாம். அதையே போட்டுக்கொண்டு களை எடுக்க மட்டும் இறங்காதீர்கள். வியர்வை வெளியேற வழியின்றி உள்பக்கமெல்லாம் முத்து முத்தாக நிற்கும். சாக்கை மடித்துத் தலையில் கவிழ்க்கும் கொங்காணி இன்னும் சில தோட்டங்களில் உண்டு. முதுகுக்கு அது நல்ல காப்பு, நனைந்தால் மட்டும் கனக்கும்.

படி 5: கை, கால், காது

உடம்புக்குக் குளிரும்போது அது முதலில் கைவிடுவது விரல்களைத்தான். ரத்தத்தை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இழுத்துக்கொள்ளும். ஆகவே விரல் விறைத்தால் கையுறையை மட்டும் குறை சொல்லாதீர்கள். மார்பில் ஓர் அடுக்கு கூட்டிப் பாருங்கள்.

கையுறை வேலைக்கேற்றது. ரோஜாவுக்கு முள் ஏறாத தோல் கையுறை. கீரை, முள்ளங்கி கழுவுகிறவர்களுக்கு ரப்பர் கையுறை, உள்ளே மெல்லிய நூல் கையுறை ஒன்று. வெறும் ரப்பர் சில்லிடும். நூல் கையுறை நனையும், எனவே இரண்டு ஜோடி.

காலுக்கு ஒரே ஒரு சாக்ஸ், ஆனால் நல்லது. இரண்டு போட்டு ஷூவுக்குள் திணித்தால் ரத்த ஓட்டம் தடைபட்டு இன்னும் அதிகமாகக் குளிரும். கம்பூட்ஸ் பனியைத் தடுக்கும், ஆனால் தரையின் குளிரை அப்படியே ஏற்றும். உள்ளே ஒரு தடித்த பாத அட்டை வெட்டிப் போடுங்கள். தைப் பனி தரையைத் துளைக்கும் என்று சொல்லி வைத்தவர்கள் செருப்பில்லாமல் நின்றவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

உடம்புச் சூட்டில் பாதி தலைவழியே போகிறது என்பார்கள். அது கட்டுக்கதை, தலை நம் உடம்பின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். இருந்தாலும் காது வலிப்பது உண்மை. குரங்குக் குல்லா நல்லது. பைக்கில் போகிறவர்கள் ஹெல்மெட்டுக்குள் மெல்லியதாகப் போடுங்கள். தடித்த குல்லா ஹெல்மெட்டைச் சரியாக உட்காரவிடாது. மஃப்ளரும் துண்டும் கட்டுகிறவர்கள் முனைகளைச் சட்டைக்குள் செருகிவிட வேண்டும். தீவனம் வெட்டும் இயந்திரமும் மோட்டார் பெல்ட்டும் தொங்கும் துணிக்காகவே காத்திருக்கின்றன.

படி 6: நெருப்புப் பக்கம் கவனம்

விடியலில் வரப்போரம் சருகு கூட்டித் தீ மூட்டுவது இங்கே வழக்கம். நானும் கை நீட்டுவேன். ஆனால் மேலே சொன்ன பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் மூன்றும் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்திபோலத் தட்டிவிட முடியாது. நெருப்புக்குப் போகும்போது மேலே ஒரு பழைய பருத்திச் சட்டையை மாட்டிக்கொண்டு, தள்ளி நில்லுங்கள். எங்கள் தோட்டத்து மூத்த அக்கா ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு சட்டை போட்டிருந்ததன் காரணத்தை நான் கேட்டதற்கு, "முள்ளு ஸ்வெட்டரை இழுக்கும், நெருப்பு பொத்தல் போடும்" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

படி 7: கழற்றும் நேரம்

வியர்க்கும் முன்பே கழற்றுங்கள். கழுத்துப் பிடரியில் விரல் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் ஏற்கெனவே தாமதம். முதலில் ஜிப்பைத் திறங்கள், பிறகு குல்லா, பிறகு ஸ்வெட்டர். வரப்பில் போடாமல் மரக்கிளையில் தொங்கவிடுங்கள். உழைத்து முடித்துத் தேநீருக்கு உட்காரும்போது உடனே ஓர் அடுக்கைத் திரும்பப் போட வேண்டும். சளி பிடிப்பதற்கு இந்த நடுக்கம்தான் காரணம் என்று வீட்டில் திட்டுவார்கள், அது எப்படியோ, நடுங்கிக்கொண்டு குடித்த தேநீரில் எனக்கு ருசி தெரிந்ததில்லை.

வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் வெயிலில் போடுங்கள். ஆட்டு ரோமக் கம்பளியை மட்டும் நிழலில். உப்பும் அழுக்கும் ஏறிய ஸ்வெட்டரின் இழைகள் படிந்து, காற்று நிற்க இடமில்லாமல் போகும். வாரம் ஒருமுறை குளிர்ந்த தண்ணீரில் அலசி, பிழியாமல் அமுக்கி நீரை எடுத்துவிட்டுப் பாயில் விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் கை முழங்காலுக்கு நீண்டுவிடும். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. இப்போது அது எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியின் முதுகில்.